கட்டுரையில் பொய் எழுதலாமா?

எனது சிறுகதையொன்று சஞ்சிகையில் வெளிவந்த சில நாட்களில், ஊர்ப் பள்ளிவாசல் வராந்தாவில் வைத்து ஹாஜியார் ஒருவர் என்னை மடக்கிப் பிடித்தார். பேரன் அவருக்கு அந்தக் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறான்.

"ஏன் மகன், அந்தக் கதையில வாற பொம்புள எந்த ஊரு?"

"அப்படி ஒருத்தரும் இல்ல ஹாஜியார். நானாக் கட்டி எழுதினது."

அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். "அப்ப பொய்தானே? புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிற ஆள் பொய் எழுதலாமா?"

இந்த வினாவுக்கு எம்மவர் மத்தியில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்கிறோம். நானும் அதையே சொன்னேன். கண்டியில் ப்ரொக்டராக இருந்த சித்திலெப்பை, 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்தியவர், எமது பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னவர், 1885இலேயே 'அசன்பே சரித்திரம்' என்று ஒரு நாவலை, அதுவும் தமிழில், எழுதி வெளியிட்டாரே என்றேன். "அவரு பெரிய மனுசன்" என்று சொல்லிவிட்டு ஹாஜியார் செருப்பைத் தேடத் தொடங்கினார். அதன் பொருள் நீ பெரிய மனிதன் இல்லை என்பதுதான். அதை நான் மறுப்பதற்கில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த வினா என்னை விடவில்லை. கதையைப் பற்றி எனக்கு உறுத்தல் எதுவும் இருக்கவில்லை. கதை என்று தலைப்பிட்டுத்தான் தருகிறேன். வாசிக்கிறவருக்கும் அது தெரியும். உறுத்தியது வேறு. இருபது வருடங்களுக்கு மேலாக ஆங்கில ஆசிரியனாக இருக்கிறேன். இந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளில் நான் பொய் எழுதுவித்திருக்கிறேன், எத்தனை பொய்களுக்குச் சிவப்பு மையால் சரி போட்டிருக்கிறேன்? அதைப் பற்றி எந்த ஹாஜியாரும் என்னிடம் கேட்டதில்லை. அதிபர் கேட்டதில்லை. பெற்றோர் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.

2005ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். நியமனம் கிடைத்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. நான் அப்போது பயிற்சி பெறாத ஆசிரியன். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்ததில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மரணித்திருந்தார்கள். எமது பாடசாலையின் கடல் பக்கக் கட்டடம் நின்ற இடத்தில் அத்திவாரம்தான் மிஞ்சியிருந்தது. தகரக் கூரை போட்ட கொட்டிலில் தரம் 6 நடந்தது. நண்பகலுக்கு மேல் அதற்குள் இருக்க முடியாது. வாங்குகள் போதாமல் பாதிப் பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். யார் வீட்டில் யார் இல்லை என்று நாம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கக் கூடாது என்பது போல ஓர் ஒழுங்கு தானாகவே ஏற்பட்டிருந்தது.

முதலாம் தவணைப் பரீட்சைக்கான வினாத்தாளை நானே தயாரித்தேன். தயாரித்தேன் என்று சொல்வதும் சரியல்ல. முந்திய வருட வினாத்தாளில் திகதியை மாத்திரம் மாற்றினேன். கடைசி வினா ஒரு சிறு கட்டுரை. தலைப்பு: 'மை மதர்'.

அந்தக் கட்டுரையைப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே சொல்லி எழுதுவித்திருந்தேன். அது எனது ஆக்கமும் அல்ல. எனக்குப் படிப்பித்த ஆசிரியர் எனக்குத் தந்தது. அவருக்கு யார் தந்தாரோ. இந்த நாட்டின் கிராமப் பாடசாலைகளில் படித்தவர்களுக்கு அந்தத் தாயைத் தெரிந்திருக்கும். அவளுக்கு எப்போதும் முப்பத்தைந்து வயது. அதிகாலை ஐந்து மணிக்கு எழும்புவாள். ருசியாகச் சமைப்பாள். வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பாள். படிப்பில் உதவி செய்வாள். தலைமுறைகள் போயும் அவளுக்கு ஒரு வயது கூடவில்லை, ஒரு நாள் காய்ச்சல் வரவில்லை, ஒரு பிள்ளைக்கும் அவள் ஏசியதில்லை.

விடைத்தாள்களை இரவில் லாம்பு வெளிச்சத்தில் திருத்தினேன். ஒரு பிள்ளையின் கட்டுரையில் எழுத்துப் பிழை ஒன்றுதான் இருந்தது. பத்துக்கு ஒன்பது போட்டேன். வகுப்பில் அதுவே கூடிய புள்ளி. காலையில் பெயர் வாசித்துத் தாள்களைக் கொடுக்கையில் அந்தப் பிள்ளை எழும்பி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய உம்மாவின் மையித்து கிடைக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். அவள் தாளை வாங்கினாள், ஒன்பதைப் பார்த்தாள், பைக்குள் வைத்தாள். நான் அடுத்த பெயரை வாசித்தேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. ஆங்கில இலக்கணப்படி பார்த்தால் அந்தக் கட்டுரையில் ஒவ்வொரு வசனமும் பிழை. 'இஸ்' வந்த இடமெல்லாம் 'வாஸ்' வந்திருக்க வேண்டும். அப்படித் திருத்துகிற ஓர் ஆசிரியனை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. திருத்தாமல் ஒன்பது போட்ட ஆசிரியன்தான் நான். அவனும் அவனைவிட மேலானவன் இல்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

நன்னூல் படித்தவர்களுக்குக் கால வழுவும் தெரியும், வழுவமைதியும் தெரியும். பிழை என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, காரணம் இருந்தால் அதே பிழையை ஏற்றுக்கொள்ளவும் இடம் வைத்திருக்கிற இலக்கணம் எமது இலக்கணம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய நான்கு காரணங்களால் காலம் மாறி வரலாம் என்கிறார் பவணந்தியார். சோறு தின்றுகொண்டிருக்கிறவன், கூப்பிட்ட குரலுக்கு "இந்தா வந்துட்டன்" என்று சொல்வது விரைவு. அந்த இரவுக்குப் பிறகு நான் பல தடவை அந்த நான்கையும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். துக்கம் என்று ஐந்தாவது ஒன்று அங்கே இல்லை.

இரண்டு வருடங்கள் கழித்து ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். ஆங்கிலப் பயிற்சிநெறி. பெரும்பாலும் என்னைப் போன்ற கிராமத்து ஆட்கள். சிலர் மூன்று பிள்ளைகளின் தகப்பன்மார். காலை முதற்பாடம் இலக்கியம். தேநீர் இடைவேளைக்குப் பின்னர் கற்பித்தல் முறையியல். இடையில் ஒரு பிளேன்டீயும் ஒரு வடையும். இந்த இரண்டு பாடங்களுக்கும் இடையில் இருந்த தூரத்தைப் பற்றித்தான் நான் இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலக்கிய விரிவுரையாளர் ஒரு நாள் வேர்ட்ஸ்வேர்த்தின் டஃபடில் பூக்கள் பற்றிய கவிதையைப் படிப்பித்தார். பாடசாலைக் காலத்திலிருந்து மனனம் செய்து வந்த கவிதை. அந்தப் பூவை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. சூரியகாந்தியின் சின்னத் தங்கச்சி என்று ஒருவர் விளக்கம் சொல்ல வகுப்பே சிரித்தது. தான் தனியாக அலைந்து திரிந்தபோது அந்தப் பூக்களைக் கண்டதாகக் கவிஞர் சொல்கிறார் அல்லவா? விரிவுரையாளர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அன்றைக்கு அவர் தனியாகப் போகவில்லை என்றார். 1802 ஏப்ரல் 15ஆம் திகதி, அல்ஸ்வோட்டர் ஏரிக்கரையால் அவரும் அவருடைய சகோதரி டொரதியும் கூடவே நடந்து வந்தார்கள். டொரதி தனது நாட்குறிப்பில் அந்த நடையை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். கவிஞர் அந்தக் கவிதையை எழுதியது 1804இல். அச்சில் வந்தது 1807இல். அதிலே மிகச் சிறந்தவை என்று சொல்லப்படும் இரண்டு வரிகளைத் தந்தவர் அவருடைய மனைவி மேரி.

எங்களோடு ஒரு மௌலவியும் படித்தார். அவர் கையை உயர்த்தினார். "அப்படியென்றால் சேர், அவர் பொய் சொல்லியிருக்கிறார்."

விரிவுரையாளர் மறுக்கவில்லை. "ஓம், தங்கச்சியை மறைத்துவிட்டார்" என்றார். "ஆனால் பூக்களைக் கண்டது யார்? இரண்டு வருடம் கழித்தும் அவை மனத்தில் வந்து நின்றது யாருக்கு?" அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

தேநீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். முறையியல் வகுப்பில் அன்றைக்குக் கட்டுரை திருத்தும் விதம் பாடம். பொருளடக்கத்துக்கு இத்தனை, மொழிக்கு இத்தனை, ஒழுங்கமைப்புக்கு இத்தனை எனப் புள்ளிகளைப் பிரித்துக் காட்டினார்கள். காலப் பிழைக்கு ஒரு குறியீடு, எழுத்துப் பிழைக்கு ஒரு குறியீடு. எல்லாம் தேவையானவைதான், நான் இன்றைக்கும் அவற்றைப் பாவிக்கிறேன். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் நாங்கள் கவிதையிடம் கேட்ட வினாவைப் பிள்ளையின் கட்டுரையிடம் கேட்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இதைக் கண்டது யார்? இது யாருடைய மனத்தில் நிற்கிறது? இலக்கியம் என்றால் வேர்ட்ஸ்வேர்த் எழுதுவது, கட்டுரை என்றால் பிள்ளை எழுதுவது. ஒன்றை நாம் வியக்க வேண்டும், மற்றதை நாம் திருத்த வேண்டும். இந்தப் பிரிவினையை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நேரசூசியே அதைச் செய்துவிட்டது.

கற்பித்தல் பயிற்சிக்காக என்னை ஒரு கரையோரப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். தரம் 8. நான் மகிழ்ச்சியாகப் போய் வந்த ஒரு பயணத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் கண்டிக்குப் போயிருந்தார்கள். எல்லோரும் அதிகாலை நான்கு மணிக்கு பஸ் ஏறி, பேராதனைப் பூங்காவைப் பார்த்து, தலதா மாளிகையைப் பார்த்து, களைத்து ஆனால் மகிழ்ச்சியோடு வீடு திரும்பியிருந்தார்கள். அந்த வகுப்பில் மட்டக்களப்பைத் தாண்டிப் போனவர்கள் ஐந்து பேர்கூட இருக்கமாட்டார்கள். மிச்ச ஒருவன் கண்டிக்குப் போகவில்லை. வாப்பாவோடு வாடிக்குப் போனதை எழுதியிருந்தான். கரைவலை இழுத்தது, மடி கனத்தது, பார்த்தால் எல்லாம் சொறி, வாப்பாவுக்குக் கோபம், தனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சொறிமீனுக்கு ஆங்கிலம் தெரியாமல் அதைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தான். பதினோரு வசனம், பதினைந்து பிழை.

புள்ளித் திட்டத்தின்படி அவனுக்குக் கிடைத்தது நான்கு. கண்டிக்குப் போனவர்களுக்கு ஏழும் எட்டும். பின்வாங்கில் இருந்து மேற்பார்வை செய்த விரிவுரையாளர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நியாயமான திருத்தம் என்று குறிப்பு எழுதினார். அந்த நியாயத்தைப் பற்றித்தான் எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது.

மனனம் செய்வதை நான் குறை சொல்ல வரவில்லை. மனனத்தைப் போற்றுகிற சமூகம் நாம். பத்து வயதுப் பிள்ளை குர்ஆனை மனனமிட்டு ஹாபிஸாக வந்தால் ஊரே கூடி மாலை போடுகிறோம், போட வேண்டும். ஆனால் ஹாபிஸ் ஓதும்போது அது தன்னுடைய பேச்சு என்று எவரிடமும் சொல்வதில்லை. யாருடைய வார்த்தை என்பது ஓதுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அதேபோல் தமிழ்ப் பாடத்தில் பழைய குடையொன்று தன் வரலாறு கூறுவதாகப் பிள்ளை எழுதினால் அதைப் பொய் என்று யாரும் சொல்லமாட்டோம். குடை பேசாது என்பது இருவருக்கும் தெரியும். அகப்பாட்டில் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியர் விதித்ததும் மறைப்பதற்காக அல்ல. எந்தத் தலைவியும் அதற்குள் வந்து நிற்கலாம் என்பதற்காக என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். ஆகவே நடக்காததை எழுதுவது பொய் அல்ல. வேர்ட்ஸ்வேர்த் தங்கச்சியை மறைத்ததும் என் கணக்கில் பெரிய குற்றமல்ல. (டொரதியிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்லியிருக்கவும் கூடும்.)

எமது வகுப்பறைக் கட்டுரையில் நடப்பது வேறு. 'நான்' என்று தொடங்குகிறது. அந்த நான் அங்கே இல்லை. 'என் தாய்' என்கிறது. அந்தத் தாயும் இல்லை. எழுதுகிற பிள்ளைக்குத் தெரியும் அது தன்னுடையதல்ல என்று. வாசிக்கிற எனக்கும் தெரியும். இருவரும் தெரியாதது போல நடித்து, நடிப்பு பிசகாமல் வந்தால் ஒன்பது புள்ளி கொடுக்கிறோம். ஓர் அந்நிய மொழியில் ஒரு பிள்ளை பெறுகிற முதல் அனுபவம் இதுதான்: இந்த மொழியில் உண்மையைச் சொன்னால் நான்கு, சொல்லாவிட்டால் எட்டு. பின்னர் அதே பிள்ளை வளர்ந்து, ஆங்கிலம் என்றால் தனக்கு வாய் வரவில்லை என்று சொல்லும்போது நாம் வெட்கத்தைக் காரணம் சொல்கிறோம், வீட்டுச் சூழலைக் காரணம் சொல்கிறோம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நானும் மாதிரிக் கட்டுரைதான் எழுதுகிறவனாவேன். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு சித்தி கிடைத்தால் மீனவர் மகனுக்குத் திறக்கிற கதவுகள் வேறு. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று சொல்வது சும்மா இல்லை; அது வெட்டுகிற இடங்களை நாமும் கண்டிருக்கிறோம். எழுத்துக் கூட்டத் தெரியாமல் தரம் 11க்கு வந்து நிற்கிற பிள்ளையிடம் போய், மகனே, உன் உள்ளத்தில் உள்ளதை எழுது என்று சொல்வது எனக்கு அழகான காரியமாக இருக்கலாம். அவன் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருவான். ஆகையால் நான் இப்போதும் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் கட்டுரைகளைச் சொல்லி எழுதுவிக்கிறேன். அவர்களில் சிலர் சித்தியடைந்து வீட்டுக்கு சீனிப் பணியாரம் கொண்டு வந்து தந்திருக்கிறார்கள். சாப்பிட்டிருக்கிறேன்.

2010இல் அந்தப் பிள்ளை தரம் 11க்கு வந்தாள். ஒரு நாள் பாடசாலை விட்ட பின்னர் நூலக அறையில் புத்தகம் மாற்ற நின்றாள். வேறு இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். ஐந்து வருடங்களாக என் தொண்டைக்குள் கிடந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். தரம் ஆறில் எழுதின அந்தக் கட்டுரை ஞாபகம் இருக்கா மகள் என்று. ஞாபகம் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் விளங்காமல் பார்த்தாள்.

"இல்ல சேர். எனக்கு மாத்தி எழுதத்தான் விருப்பம். அத மாத்துறதுக்கு அப்ப எனக்கு இங்கிலீஸ் தெரியாதே" என்றாள்.

அவ்வளவுதான். அவள் புத்தகத்தில் கையொப்பம் வைத்துவிட்டுப் போனாள்.

அதுவரை நான் என்னென்னவோ எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை துக்கத்தை மறைத்தாள் என்று எண்ணினேன். நிகழ்காலத்தில் எழுதுவதால் உம்மாவை இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு வைத்திருந்தாள் என்றும் ஒரு காலம் எண்ணினேன். கலாசாலையில் இலக்கியம் படித்ததனால் வந்த வினை அது. உண்மை மிகச் சாதாரணமாக இருந்தது. அந்த வகுப்பில் ஏப்ரல் மாதம் வரை நான் 'வாஸ்' படிப்பிக்கவே இல்லை. பாடத்தில் அது பின்னால் வருகிறது. நான் அந்த அலகுக்கு வந்து சேரவில்லை. பொய் சொல்லாமல் இருப்பதற்கும் கொஞ்சம் இலக்கணம் வேண்டியிருக்கிறது. அதை அவளுக்குக் கொடுக்க வேண்டியவன் நான். கொடுக்காமல் வைத்துக்கொண்டு, கட்டுரை கேட்டேன்.

ஆகவே ஹாஜியாரின் வினாவை நான் இப்போது இப்படித்தான் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்: பொய் எழுதிய பிள்ளையிடம், உண்மையை எழுதத் தேவையான மொழியை நான் கொடுத்திருந்தேனா? கொடுக்காத இடத்தில் அந்தப் பொய் யாருடைய ஏட்டில் பதியும்?

இப்போது தரம் 6க்குப் போனால் இரண்டாம் கிழமையே கடந்த காலத்துக்கு வந்துவிடுகிறேன். 2005இல் அந்தக் கொட்டிலில் அதைப் படிப்பிக்க நேர்ந்தபோது, கரும்பலகையில் 'இறந்தகாலம்' என்று எழுதக் கை வரவில்லை. 'கடந்த காலம்' என்று எழுதினேன். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு முறை வந்த ஆசிரிய ஆலோசகர், அலகு ஒழுங்கு மாறியிருப்பதாகவும் கலைச்சொல் தவறு என்றும் எனது பாடக் குறிப்பில் எழுதிவிட்டுப் போனார். இரண்டும் சரியான குறிப்புகள்தான்.

'மை மதர்' கட்டுரையை இன்னும் கொடுக்கிறேன். ஆனால் அதிலே நான்கு வசனம்தான் நான் தருவது. மிச்சத்துக்குத் தேவையான சொற்களைப் பிள்ளைகள் வந்து கேட்கலாம். தமிழில் சொன்னால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். வரிசையில் நிற்பார்கள். போன வருடம் கேட்டவற்றில் சில: பீடி சுற்றுவது, சவூதிக்குப் போனது, கடனுக்கு நகை வைத்தது, காதில் சத்தம் கேட்காதது. ஒரு பையன் வந்து, "சேர், ஏசிப்போட்டுப் பிறகு அழுறதுக்கு என்ன சொல்ற?" என்று கேட்டான். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லை, இரண்டு வசனமாக எழுத வேண்டும் என்றேன். எழுதிக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்து எழுதியதில் மூன்று பிழை விட்டிருந்தான்.

பத்துக்கு எத்தனை கொடுப்பது என்று அந்தத் தாளை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன்.